உயிர்க்கரியால் நீரிலுள்ள கன உலோகங்களைப் பிடிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஈயம் கலந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் பளிங்கு போலத்தான் இருக்கும். வாசம் இராது. குடித்தாலும் சுவையில் வேறுபாடு தெரியாது. காட்மியமும் ஆர்செனிக்கும் இப்படித்தான். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், உலோகம் அப்படியே இருக்கும். நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடவும் செய்யும். மணல் வடிகட்டி கலங்கலைத் தடுக்கும், கரைந்திருக்கும் அயனியை, அதாவது மின்சுமை ஏறிய உலோக அணுவை, தடுக்காது. குளோரினாலும் இதில் ஒன்றும் ஆகாது.

கரைந்த உலோகத்தைப் பிடித்து வைக்க ஒரு பரப்பு வேண்டும். உமி, மரத்தூள், கொட்டைகளின் ஓடு போன்ற தாவரக் கழிவுகளைக் காற்றோட்டம் இல்லாமல் சுட்டுச் செய்யும் உயிர்க்கரி அத்தகைய பரப்பைத் தருகிறது. செய்வது எளிது, மூலப்பொருள் கழிவாகக் கிடைக்கிறது. அதனால்தான் இவ்வளவு பேர் இதில் ஆர்வம் காட்டுகிறார்கள். எனக்கும் இதில் நம்பிக்கை உண்டு. ஆனால் தொடங்கும்போதே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: உயிர்க்கரி உலோகத்தை அழிப்பதில்லை. எந்தக் கரியாலும் ஈயத்தை அழிக்க முடியாது. நீரில் இருந்தது கரிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். உலோகம் உண்மையிலேயே கரிக்குத்தான் போயிற்றா? போயிற்று என்றால், அந்தக் கரியை இனி என்ன செய்வது? கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த இரண்டையும் சுற்றியே அமைந்தவை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இது சோதனை அளவில் கற்றுக்கொள்வதற்கான வழிகாட்டி. வீட்டில் சுட்ட கரியில் வடிந்த நீரை, ஆய்வகச் சான்று இல்லாமல் யாரும் குடிக்கக் கூடாது. குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. ஈயம் முதலில் பாதிப்பது அவர்களின் மூளை வளர்ச்சியைத்தான்.

முதலில் உலோகம் எது என்று தெரிய வேண்டும்

பலரும் கரி சுடுவதிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் நீர்ப் பரிசோதனை. ஏனென்றால் நீரில் எல்லா உலோகங்களும் ஒரே வடிவில் இருப்பதில்லை.

ஈயம், காட்மியம், தாமிரம், துத்தநாகம், நிக்கல் ஆகியவை பெரும்பாலும் நேர்மின் அயனிகளாக இருக்கின்றன. கரியின் பரப்பு வழக்கமான நீரில் எதிர்மின் தன்மை கொண்டதாக இருப்பதால் இவற்றைப் பிடிப்பது அதற்கு இயல்பான வேலை. ஆர்செனிக்கும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமும் ஆக்சிஜனோடு சேர்ந்து எதிர்மின் அயனிகளாக மிதக்கின்றன. எதிர்மின்னும் எதிர்மின்னும் விலக்கிக்கொள்ளும். வெறும் கரி இங்கே தடுமாறும். ஆர்செனிக்கின் மூன்று இணைதிறன் வடிவம் இன்னும் சிக்கலானது. நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைவான இடங்களில் அது மின்சுமையே இல்லாத மூலக்கூறாக இருக்கும். பாதரசத்துக்கோ கந்தகத்தின் மேல்தான் நாட்டம்.

பரிசோதனைக்கு நீர் எடுக்கும்போது அமிலத்தால் கழுவிய பாலித்தீன் புட்டியைப் பயன்படுத்துங்கள். கரைந்த உலோகத்தை மட்டும் அறிய வேண்டுமானால் எடுத்த உடனே 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடித்து, பிறகு நைட்ரிக் அமிலம் சில சொட்டுகள் விட்டு பிஎச்சை (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் உள்ளதைவிடச் சுத்தமானதாகக் காட்டும். அமிலம் சேர்க்காத இன்னொரு புட்டியில் பிஎச், கால்சியம், மக்னீசியம், பாஸ்பேட், கரிமப் பொருள் ஆகியவற்றையும் அளக்கச் சொல்லுங்கள். இவை பின்னால் தேவைப்படும்.

ஒப்பிட்டுப் பார்க்க, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டும் அளவுகள், லிட்டருக்கு மில்லிகிராமில்: ஈயம் 0.01, ஆர்செனிக் 0.01, காட்மியம் 0.003, பாதரசம் 0.006, மொத்தக் குரோமியம் 0.05, நிக்கல் 0.07, தாமிரம் 2. காட்மியத்துக்கும் தாமிரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஏறத்தாழ 700 மடங்கு. “90 விழுக்காடு நீக்கினேன்” என்ற ஒரே வாக்கியம் தாமிரத்தில் வெற்றியாகவும் காட்மியத்தில் தோல்வியாகவும் இருக்கக்கூடும்.

எதைச் சுடுவது

சுத்தமான மூலப்பொருளாக இருக்க வேண்டும் என்பதே முதல் விதி. வண்ணம் பூசிய மரம், பழைய வேலிக் கம்பங்கள், கப்பல் சரக்குப் பெட்டிகளின் பலகைகள் வேண்டாம். பூச்சி அரிக்காதிருக்க முன்பு பல மரங்களில் தாமிரமும் குரோமியமும் ஆர்செனிக்கும் சேர்ந்த மருந்தை ஏற்றினார்கள். அதைச் சுட்டுக் கரியாக்கினால், எதை நீக்க வந்தீர்களோ அதையே நீரில் சேர்ப்பீர்கள். தொழிற்சாலைக் கழிவுநீர் பாயும் நிலத்தில் வளர்ந்த செடிகளும் இதே காரணத்தால் கூடாது.

உமிக்கரியில் சிலிக்கா மிகுதி; எளிதில் நொறுங்கும். வைக்கோல், கரும்புச் சக்கை போன்றவை இலேசானவை, தூளாகிவிடும். குடுவைச் சோதனைக்கு நன்று. தேங்காய்ச் சிரட்டை, கடினமான கொட்டை ஓடுகள் உறுதியான மணிகளைத் தரும். குழாயில் அடைத்து நீரை ஓட்ட அவைதான் தோது. மரக்கரியில் சாம்பல் குறைவு. எதை எடுத்தாலும் ஒரே வகையை மட்டும் எடுத்து, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, நன்றாகக் காய வைத்துச் சுடுங்கள். ஈரமான பொருள் புகையைத்தான் தரும்.

சுடுதல்

எந்த வெப்பநிலை என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. 300 முதல் 400 டிகிரி செல்சியஸில் சுட்ட கரியில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் போன்ற ஆக்சிஜன் தொகுதிகள் நிறைய மிஞ்சியிருக்கும். உலோக அயனியைக் கைப்பிடித்து நிறுத்துபவை இவையே. 600, 700 என்று ஏறும்போது அத்தொகுதிகள் உதிர்ந்துபோகும். மாறாக நுண்துளைகள் திறந்து பரப்பு பெருகும், சாம்பலின் விகிதம் கூடும், கரி காரத்தன்மை அடையும். அந்தச் சாம்பலிலுள்ள கார்பனேட்டும் பாஸ்பேட்டும் ஈயத்தோடு சேர்ந்து கரையாத படிவாகக் கரியின் மேலேயே உட்கார்ந்துவிடுவதும் உண்டு. ஆகவே ‘பரப்பளவு கூடினால் பிடிப்பு கூடும்’ என்ற எளிய கணக்கு நேர்மின் உலோகங்களுக்கு அப்படியே பொருந்தாது. கார்பாக்சில் தொகுதிகளின் அயனிப் பரிமாற்றம் (ஓர் அயனியை விட்டு உலோக அயனியைப் பிடிப்பது), இணைப்புச் சேர்மம் (தொகுதிகள் உலோகத்தோடு பிணைவது), வீழ்படிவு (கரையாத திண்மமாகப் படிவது) ஆகியவை பல நேரங்களில் துளைகளைவிட அதிகம் உழைக்கின்றன. முதல் முறைக்கு 450 டிகிரியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை. இரு பக்க நன்மைகளும் ஓரளவு கிடைக்கும், தாரும் குறைவாகவே தங்கும்.

மின் உலை கிடைத்தால் வேலை எளிது. மூடியுள்ள பீங்கான் கிண்ணத்தில் இடைவெளி இல்லாமல் பொருளை அடைத்து மூடி, நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் ஏற்றி, இலக்கை அடைந்ததும் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். நைட்ரஜன் வாயு செலுத்த வசதி இருந்தால் இன்னும் நல்லது.

உலை இல்லாதவர்கள் இரட்டைக் கலன் முறையைப் பயன்படுத்தலாம். இறுக்கமான மூடியுள்ள சிறிய இரும்பு டப்பாவில் பொருளை அடைத்து, மூடியில் ஆணியால் ஒரு சிறு துளை போட்டு, பெரிய டிரம்மின் நடுவில் வைத்து, சுற்றிலும் விறகை எரியுங்கள். உள்ளிருக்கும் பொருள் சூடாகும்போது துளை வழியே வாயு வெளியேறித் தீப்பற்றி எரியும். அந்தச் சுடர் தானாக அணையும்போது கரி ஆகிவிட்டது என்று பொருள். துத்தநாகம் பூசிய தகர டப்பாவை ஒருபோதும் எடுக்காதீர்கள். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகும். அதன் புகை உங்களுக்குக் கேடு, கரியிலும் அது ஒட்டும். திறந்த வெளியில் மட்டுமே சுடுங்கள். இதில் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசமே இல்லை. டப்பாவை மறுநாள் வரை திறக்காதீர்கள். உள்ளே கனல் இருக்கும் கரி காற்றைக் கண்டதும் பற்றிக்கொள்ளும், ஒரு நாள் உழைப்பு சாம்பலாகும்.

திறந்ததும் பாருங்கள். பழுப்பு நிறம் தெரிந்தால் வேகவில்லை. வெள்ளைச் சாம்பல் படர்ந்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது. நன்றாக வெந்த கரி ஒரே கறுப்பாக, விரலால் உடைத்தால் மொறுமொறுவென்று உடையும். சிறிதளவு எடுத்து ஈரக் கையில் தேய்த்து வெறும் நீரில் கழுவுங்கள். போய்விட்டால் சரி. சோப்பு தேவைப்பட்டால் தார் மிஞ்சியிருக்கிறது. அந்தக் கரி நீருக்கு உகந்ததன்று, மறுபடி சுட வேண்டும். போட்ட எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கரியாக நிற்பது வழக்கம். எடையையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த முறை அதே கரியைச் செய்ய வேறு வழியில்லை.

அரைத்தல், சலித்தல், கழுவுதல்

முகக்கவசம் அணிந்து இடியுங்கள். கரித்தூள் நுரையீரலுக்கு ஆகாது. குடுவைச் சோதனைக்கு 0.25 மில்லிமீட்டருக்குக் குறைவான தூள், குழாய்ச் சோதனைக்கு 0.5 முதல் 1 மில்லிமீட்டர் மணி என்று இரண்டாகச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு காய்ச்சி வடித்த நீரில் கழுவுங்கள். முதல் நீர் பழுப்பாகவோ சாம்பலாகவோ வரும். கழுவும் நீரின் பிஎச் மாறாமல் நிற்கும்வரை தொடர்ந்து கழுவி, 80 முதல் 105 டிகிரியில் உலர்த்துங்கள். கழுவுவதால் சாம்பலின் ஒரு பகுதி போய்விடும், அதனால் கரியின் திறன் குறையும் என்று சிலர் இதைத் தவிர்க்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஆனாலும் கழுவச் சொல்கிறேன். காரணம் என் சொந்த அனுபவம்.

நான் முதலில் செய்த சோதனையில் கழுவாத கரி ஏறக்குறைய எல்லா உலோகத்தையும் நீக்கிவிட்டதாக எண் வந்தது. மகிழ்ச்சியில் இரண்டு நாள் தூக்கமே இல்லை. பிறகுதான் நீரின் பிஎச் 5-லிருந்து 8-க்கு மேல் ஏறியிருப்பதைக் கவனித்தேன். கரியே போடாத குடுவையில் சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு அதே பிஎச்சுக்குக் கொண்டுவந்தேன். அங்கேயும் உலோகம் பெரும்பாலும் அடியில் படிந்துவிட்டது. என் கரியின் பரப்பு எதையும் பெரிதாகப் பிடிக்கவில்லை. சாம்பலின் காரம் உலோகத்தை வீழ்படிவாக்கியிருக்கிறது. வீழ்படிவும் ஒரு வகையில் நீக்கம்தான். ஆனால் அது நிரந்தரமன்று: நீர் சற்று அமிலமானால் மறுபடி கரையும், சாம்பல் தீர்ந்ததும் வேலை நின்றுபோகும். எதனால் நீங்கியது என்று தெரியாமல் எண்ணை மட்டும் நம்பினால் பிறரையும் தவறாக வழிநடத்துவோம்.

கழுவி உலர்த்திய கரியில் 1 கிராமை 20 மில்லிலிட்டர் நீரில் ஒன்றரை மணி நேரம் குலுக்கி பிஎச் பாருங்கள். அதுவே உங்கள் கரியின் பிஎச். சோதனையில் எதிர்பாராதது ஏதேனும் நடந்தால் திரும்பிப் பார்க்க இந்த எண் உதவும்.

முதல் சோதனை மயில்துத்தத்தில்

ஈயத்தை நீக்க ஆசைப்படுபவர்கள் உடனே ஈய நைட்ரேட்டை வாங்கிவிடுகிறார்கள். வேண்டாம். கை பழகும்வரை தாமிரத்தில் செய்யுங்கள். நச்சு ஒப்பளவில் குறைவு. நிறம் கண்ணுக்குத் தெரியும். தவறுகள் உடனே புரியும். அதற்காக அலட்சியம் கூடாது: கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மீன்களுக்கும் பாசிகளுக்கும் தாமிரம் கொடிய நஞ்சு. ஒரு சொட்டும் வடிகாலில் போகக் கூடாது.

மயில்துத்தம் எனப்படும் தாமிர சல்பேட்டின் நீலப் படிகம் 3.93 கிராமைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து மொத்தம் ஒரு லிட்டராக்குங்கள். இதில் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் தாமிரம் இருக்கும். இதில் 100 மில்லிலிட்டரை எடுத்து நீர் சேர்த்து ஒரு லிட்டராக்கினால் 100 மில்லிகிராம் கரைசல். நீர்த்த நைட்ரிக் அமிலமோ சோடியம் ஹைட்ராக்சைடோ சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 5-இல் நிறுத்துங்கள். ஏன் 5? அதைவிட மிகவும் கீழே போனால் ஹைட்ரஜன் அயனிகள் முண்டியடித்துக் கரியின் இடங்களைப் பிடித்துக்கொள்ளும். 6-ஐ நெருங்கினால் தாமிரம் தானாகவே வீழ்படியத் தொடங்கும், நான் ஏமாந்தது போல நீங்களும் ஏமாறுவீர்கள்.

கூம்புக் குடுவை ஒவ்வொன்றிலும் 50 மில்லிலிட்டர் கரைசலும் 0.1 கிராம் கரியும் இடுங்கள். இப்படி மூன்று குடுவைகள், ஏனெனில் ஒற்றை எண்ணை நம்ப முடியாது. இவற்றுடன் ஒப்பீட்டுக் குடுவைகள் மூன்று வகை வேண்டும். கரி இல்லாமல் தாமிரக் கரைசல் மட்டும்: குடுவைச் சுவர் உலோகத்தை எடுக்கிறதா என்று இது காட்டும். தாமிரம் இல்லாமல் கரியும் தூய நீரும்: கரி தானாக எதையாவது வெளிவிடுகிறதா என்று இது காட்டும். மூன்றாவது முக்கியமானது: கரி போட்ட குடுவையின் பிஎச் கடைசியில் எங்கே வந்து நிற்கிறதோ, கரியில்லாத தாமிரக் கரைசலை அதே பிஎச்சுக்குக் கொண்டுவந்து வைத்தது. புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த மூன்றாவதைத்தான். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பாருங்கள், இதில் மட்டும் பார்க்காதீர்கள்.

குலுக்கியில் 24 மணி நேரம் குலுக்குங்கள். முடிந்ததும் பிஎச்சை மறுபடி அளந்து, 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடியுங்கள். முதல் சில மில்லிலிட்டரைத் தனியே ஒதுக்குங்கள். வடிதாளும் சிறிது உலோகத்தை உறிஞ்சும்.

ஆய்வகத்தில் நீரிலுள்ள உலோகத்தை அளக்கும் கருவியான அணு உறிஞ்சல் நிறமாலைமானி இருந்தால் அதில் அளக்கலாம். இல்லாதபோது, காற்றோட்டமான இடத்தில் வடிநீரில் சிறிது அம்மோனியா கரைசலைச் சேருங்கள். தாமிரம் இருந்தால் அடர்ந்த நீலம் எழும். 0, 10, 20, 40, 60, 80, 100 மில்லிகிராம் தாமிரக் கரைசல்களிலும் அதே அளவு அம்மோனியா சேர்த்து ஒரே மாதிரிச் சோதனைக் குழாய்களில் வரிசையாக நிறுத்தி, வெள்ளைத் தாளின் மேல் வைத்து மேலிருந்து பார்த்து ஒப்பிடுங்கள். தோராயமான அளவு கிடைக்கும். சிறிய செறிவுகளைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. அதற்குக் கருவி வேண்டும்.

கணக்கு

தொடக்கச் செறிவிலிருந்து முடிவுச் செறிவைக் கழித்து, லிட்டரில் உள்ள கன அளவால் பெருக்கி, கரியின் எடையால் வகுத்தால் ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் உலோகத்தைப் பிடித்தது என்பது வரும். 100 மில்லிகிராமில் தொடங்கி 40-இல் முடிந்தால்: 60 பெருக்கல் 0.05, வகுத்தல் 0.1; கிராமுக்கு 30 மில்லிகிராம். நீக்கம் 60 விழுக்காடு.

இரண்டையும் எழுதுங்கள். கரியை இரட்டிப்பாக்கினால் விழுக்காடு ஏறும், கிராமுக்கான அளவு இறங்கும். ஒன்றை மட்டும் சொல்வது பாதியை மறைப்பது.

அடுத்தடுத்து நேரத்தை மாற்றியும் (5 நிமிடம் முதல் 24 மணி வரை), பிஎச்சை 2 முதல் 5 வரை மாற்றியும், தொடக்கச் செறிவை 10 முதல் 200 வரை மாற்றியும் செய்து பாருங்கள். செறிவை மாற்றிய எண்களை, நீரிலுள்ள செறிவுக்கும் பரப்பு பிடிக்கும் அளவுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும், லாங்மியூர் 1918-இல் தந்த சமன்பாட்டில் பொருத்தினால் கரியின் உச்சத் திறன் கிடைக்கும். அதே தொடர்பை வேறு வடிவில் சொல்லும் ஃபிராய்ண்ட்லிக் சமன்பாட்டிலும் பொருத்திப் பாருங்கள். கோடு அழகாகப் பொருந்திவிட்டதால் கரி எப்படி வேலை செய்கிறது என்பது நிறுவப்பட்டுவிடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அந்த உச்சத் திறனில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. அது லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் மிதக்கும் கரைசலில் அளந்தது. கிணற்று நீரில் ஈயம் 0.05 மில்லிகிராம்தான் இருக்கும். அவ்வளவு சிறிய செறிவில் கரி பிடிப்பது உச்சத்தின் மிகச் சிறிய பங்கு. உச்ச எண்ணை வைத்து “ஒரு கிலோ கரி இத்தனை ஆயிரம் லிட்டரைச் சுத்தமாக்கும்” என்று பெருக்கிச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

உண்மையான நீரில்

காய்ச்சி வடித்த நீரில் தேறிய கரி, உண்மையான நீரில் தடுமாறும். கால்சியமும் மக்னீசியமும் உலோகத்தைவிடப் பல நூறு மடங்கு அதிகமாக இருந்துகொண்டு அதே இடங்களுக்குப் போட்டியிடும். நீரில் கரைந்த இலைதழைச் சாறு உலோகத்தைத் தன்னோடு கட்டிக்கொண்டு கரியிடம் விடாது. ஈயமும் தாமிரமும் பொதுவாகக் கரியில் உறுதியாக ஒட்டும். காட்மியம், துத்தநாகம், நிக்கல் எளிதில் இடத்தை இழக்கும்.

எனவே சோதிக்கப்போகும் நீரையே எடுத்து, அதில் அளந்த அளவு உலோகத்தைச் சேர்த்து, முன்பு செய்த சோதனையை மறுபடி செய்யுங்கள். எண் விழும். அந்த விழுந்த எண்தான் உங்களுக்குப் பயன்படும் எண்.

ஆர்செனிக்கும் குரோமியமும்

ஆர்செனிக்குக்கு இரும்பு வேண்டும். கரியை ஃபெரிக் குளோரைடு கரைசலில் ஊற வைத்து, குலுக்கிக்கொண்டே சோடியம் ஹைட்ராக்சைடை மெல்லச் சேர்த்து பிஎச்சை 7-க்குக் கொண்டுவந்தால், துருவைப் போன்ற இரும்பு ஹைட்ராக்சைடு கரியின் மேல் படியும். நன்றாகக் கழுவி, 60 முதல் 80 டிகிரியில் உலர்த்துங்கள். ஐந்து இணைதிறன் ஆர்செனிக் இந்த இரும்போடு நேரடியாகப் பிணைந்துகொள்ளும். பாஸ்பேட் ஏறக்குறைய அதே உருவம் கொண்டது என்பதால் கடும் போட்டி கொடுக்கும். முதலில் பாஸ்பேட்டை அளக்கச் சொன்னது இதற்காகத்தான். மூன்று இணைதிறன் ஆர்செனிக் என்றால் முதலில் அதை ஆக்சிஜனேற்றம் செய்து ஐந்தாக்க வேண்டும்.

ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்குவது. தகுந்த ஆய்வகமும் மேற்பார்வையும் இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம். அமில நிலையில் கரியே எலக்ட்ரானைக் கொடுத்து அதை மூன்று இணைதிறன் வடிவமாக ஒடுக்கிவிடும், அப்போது மஞ்சள் நிறம் மறையும். நிறம் மறைந்ததும் குரோமியம் போய்விட்டது என்று எண்ணுவது பிழை. நிறமற்றுத் தெரியும் நீரிலேயே அது மிதந்துகொண்டிருக்கலாம். மொத்தக் குரோமியத்தையும் அளக்க வேண்டும்.

குழாயில் அடைத்து ஓட்டுதல்

குடுவையில் தேறியபின் 2 முதல் 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குழாயை எடுங்கள். அடியில் கண்ணாடிப் பஞ்சு, அதன்மேல் சிறிது சுத்தமான மணல், பிறகு கரி மணிகள் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு, மேலே மறுபடி மணல். கரியை உலர்ந்தபடி கொட்டாதீர்கள். முதல் நாளே நீரில் ஊற வைத்து, துளைகளிலுள்ள காற்று வெளியேற ஒரு கொதி விட்டு, ஆறியபின் கூழாக ஊற்றுங்கள். காற்றுக் குமிழி தங்கினால் நீர் அதைச் சுற்றி ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து ஓடிவிடும். கரியின் பெரும்பகுதி நனைந்தும் வேலை செய்யாமல் கிடக்கும். நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தினால் இந்தத் தொல்லை குறையும்.

கரிப் படுகையின் கன அளவை ஓட்ட வேகத்தால் வகுத்தால் நீர் கரியோடு இருக்கும் நேரம் தெரியும். 60 மில்லிலிட்டர் படுகையில் நிமிடத்துக்கு 3 மில்லிலிட்டர் ஓடினால் 20 நிமிடம். தொடக்கத்துக்கு அது பொருத்தமான அளவு.

வெளிவரும் நீரை ஒழுங்கான இடைவெளியில் எடுத்து அளந்து வரைபடம் போடுங்கள். நெடுநேரம் உலோகம் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும், பிறகு ஏறும். குடிநீர் வரம்பைத் தொடும் புள்ளி எதுவோ அதற்கு வெகு முன்னரே கரியை மாற்றிவிட வேண்டும். நீரின் நிறமோ சுவையோ எந்த எச்சரிக்கையும் தராது. பல உலோகங்கள் கலந்திருந்தால் இன்னும் மோசமான ஒன்று நடக்கும்: கரி நிரம்பியபின் புதிதாக வரும் ஈயம், ஏற்கெனவே ஒட்டியிருந்த காட்மியத்தைத் தள்ளிவிட்டு அமரும். அப்போது வெளியே வரும் நீரில் காட்மியம் உள்ளே போனதைவிட அதிகமாக இருக்கும். மாற்றாமல் விட்ட வடிகட்டி, வடிகட்டியே இல்லாததைவிடத் தீங்கானது.

பயன்படுத்திய கரி

உயிர்க்கரி மண்ணுக்கு நல்லது என்று எங்கும் எழுதியிருக்கும். அது சுத்தமான கரிக்கு. உலோகத்தைப் பிடித்த கரியைத் தோட்டத்திலோ வயலிலோ போடுவது, நீரிலிருந்து எடுத்த நஞ்சைப் பயிருக்குக் கொடுப்பது. ஜப்பானின் ஜின்சூ ஆற்றங்கரையில் சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் ஆற்று நீரோடு நெல் வயல்களுக்குப் பாய்ந்து, அரிசி வழியாக மனிதர்களின் சிறுநீரகத்தையும் எலும்பையும் சிதைத்தது. ‘வலிக்கிறது வலிக்கிறது’ என்று பொருள்படும் இடாய்-இடாய் என்ற பெயரிலேயே அந்த நோய் அறியப்பட்டது. 1968-இல் ஜப்பான் அரசு அதை மாசுபாட்டால் வந்த நோய் என்று ஏற்றது. மண்ணுக்குப் போன காட்மியம் எளிதில் திரும்பி வராது.

எரிக்கவும் கூடாது. காட்மியமும் ஈயமும் பாதரசமும் புகையோடு காற்றில் ஏறிவிடும்.

நீர்த்த அமிலத்தில் ஊற வைத்து உலோகத்தைக் கழற்றிக் கரியை மறுபடி பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் திறன் குறையும். கழற்றிய அமில நீர் முன்பைவிடச் செறிவான நஞ்சாக உங்கள் கையில் இருக்கும். அதைக் கையாள வழி வைத்திருப்பவர்கள் மட்டும் இதைச் செய்ய வேண்டும்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது: பயன்படுத்திய கரி, வடிதாள்கள், மிஞ்சிய கரைசல்கள் ஆகியவற்றைத் தனித்தனியே மூடியுள்ள பிளாஸ்டிக் கலன்களில் சேர்த்து, உலோகத்தின் பெயர், தோராயமான அளவு, தேதி ஆகியவற்றை அழியாத மையால் எழுதி ஒட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்து, அபாயகரக் கழிவைப் பெறும் உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைப்பது. இதற்கான ஏற்பாட்டை முதல் கிராம் மயில்துத்தத்தை எடை போடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.